வேலை மொழியும் வீட்டு மொழியும்

பழைய தமிழ்த் திரைப்படங்களில் வட்டிக்கடைச் சேட்டு ஒருவர் தவறாமல் தலைகாட்டுவார். 'நம்பள் பணம் குடுக்குது, நீ திருப்பி குடுக்கலே' என்று அவர் வாய் திறந்ததும் கொட்டகை முழுவதும் சிரிக்கும். சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எனினும் அவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது. தமிழில் வினைமுற்று செல்வம் மிக்க சொல். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று அது செய்தவரை அடையாளம் காட்டுவதுடன் அவருக்குரிய மரியாதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சேட்டின் வாயில் இவ்வளவும் உதிர்ந்துபோய், அஃறிணை ஒருமைக்குரிய 'உது' மட்டும் எஞ்சி நிற்கும். நானும் 'வருது'; நீயும் 'வருது'; முதலாளியும் 'வருது'; மாடும் 'வருது'.

திரையில் அந்தச் சேட்டு இப்போது அருகிவிட்டார். அவருடைய இலக்கணம் மட்டும் நம் சமவெளியில் புதிதாக வேர்விட்டிருக்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளிலும், நூற்பாலைகளிலும் இன்று பாடுபடுவோரில் பலர் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். 'தீவனம் போடுது', 'தண்ணி வரலே', 'அண்ணன் ஊர் போவுது' என்று அவர்கள் பேசுகிறார்கள். சில வினைகள், அன்றாட வேலைக்கு வேண்டிய பெயர்கள், 'ஜல்தி', 'காம்', 'சுட்டி' என்று நம்மவரும் கற்றுக்கொண்ட சில இந்திச் சொற்கள், மீதிக்குக் கைச்சாடை. பண்ணை நடப்பதற்கு இது போதும்.

இது ஒருவழிப் பாதையும் அன்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அவற்றோடு போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வகை இந்தியோடு திரும்பி வருகிறார்கள். இந்தியில் 'காடி' என்ற சொல் பெண்பால். ஆகவே 'காடி ஆதீ ஹை' என்பதே முறை. நம் பிள்ளைகள் 'காடி ஆதா ஹை' என்பார்கள். வண்டிக்கு ஆண்பால் ஏது, பெண்பால் ஏது என்பது தமிழனின் நியாயமான கேள்வி. அங்கே அவர்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருப்பார்கள்.

வேறு வேறு மொழி பேசும் மக்கள் வாணிபத்துக்காகவோ கூலி வேலைக்காகவோ ஓரிடத்தில் கூடும்போது இப்படிப் பிறக்கும் குறுகிய பேச்சுக்கு மொழியியலார் பிட்ஜின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். சீனத் துறைமுகங்களில் 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல் உருமாறி இப்பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. பிட்ஜின் யாருக்கும் தாய்மொழி அன்று. வேலை முடிந்ததும் அவரவர் தம் மொழிக்குத் திரும்பிவிடுவர். திரும்புவதற்கு வழியில்லாதபோது, அப்பேச்சையே கேட்டு ஒரு தலைமுறை வளரும்போது, அது முழு மொழியாகிறது. அதற்குக் கிரியோல் என்று பெயர். குடியேற்ற நாட்டில் பிறந்து வளர்ந்தவரைக் குறித்த போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது.

இவற்றை ஆய்வுக்குரியவை என்று முதலில் மதித்தவர்களுள் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஹூகோ ஷூகார்ட் முதன்மையானவர். மற்ற அறிஞர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கியதை அவர் 1880-களில் தேடித் தேடிச் சேகரித்தார். அவர் கையாண்ட வழி நம்மவர்க்குச் சுவையாக இருக்கும். உலகெங்கும் உள்ள தூதரகங்களுக்கும் குருக்களுக்கும் மறைபரப்பாளர்களுக்கும் கடிதம் எழுதி, 'உங்கள் ஊரில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள்?' என்று கேட்டார். கொச்சியில் வழங்கிய போர்த்துக்கீசியக் கிரியோலைப் பற்றி அவர் எழுதியது அப்படிக் கிடைத்த செய்திகளைக் கொண்டுதான். அறிவுலகம் காது கொடுக்காத பேச்சைக் கோயில் வாசலில் கேட்டு எழுதி அனுப்பிய அந்தக் குருக்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

சென்னை மாகாணத்து 'பட்லர் இங்கிலீஷ்' பற்றியும் அவர் எழுதினார். துரைமார் வீட்டுச் சமையற்காரரும் ஏவலரும் துரைசானியோடு பேசிய ஆங்கிலம் அது. 'ஐ டெல்லிங்' என்றால் 'சொல்வேன்'; 'ஐ டன் டெல்' என்றால் 'சொல்லிவிட்டேன்'. ஆங்கிலேயரின் நகைச்சுவைக்கு அது நெடுங்காலம் தீனியாக இருந்தது. சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டு மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னர் அங்கே எழுந்த பங்களாக்களின் குசினிகளிலும் இப்பேச்சு ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது கிரியோலாக வளரவில்லை. காரணம் எளிது. பட்லர் இரவில் வீட்டுக்குப் போனார். மனைவியோடு சண்டையிடவும், குழந்தைக்குக் கதை சொல்லவும், செத்த தம்பியை நினைத்து அழவும் அவருக்குத் தமிழ் இருந்தது. ஆங்கிலம் ரொட்டி சுடுவதற்கு மட்டுமே தேவைப்பட்டது.

வீட்டுக்குப் போன வேலைப் பேச்சு என்ன ஆகும் என்பதற்குப் பாப்புவா நியூ கினியைவிட நல்ல சான்று இல்லை. அந்நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பகுதித் தீவுகளின் மக்கள் சமோவா, குவீன்ஸ்லாந்து தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அங்கே கற்ற உடைந்த ஆங்கிலத்தை ஊருக்குக் கொண்டுவந்தனர். அதுவே இன்று டோக் பிசின் என்ற மொழி. நாட்டின் நாடாளுமன்றத்தில் அது பேசப்படுகிறது. 'பை அண்ட் பை', அதாவது 'பிறகு' என்ற ஆங்கிலத் தொடர் தேய்ந்து தேய்ந்து 'பை' என்றாகி, இன்று வினைக்கு முன் நின்று எதிர்காலம் காட்டும் இடைச்சொல்லாக வேலை செய்கிறது. தூக்கி எறியப்பட்ட ஓட்டைக் கொண்டு ஒருவர் கூரை வேய்ந்துகொண்டதைப் போன்றது இது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தியும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் 'வீ' என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறாரா, விலக்கிச் சொல்கிறாரா என்று தெரியாது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. டோக் பிசின் பேசுவோர் 'யூ', 'மீ' என்ற இரு சொற்களை ஒட்டி 'யுமி' என்று 'நாம்' செய்துகொண்டனர். 'மீ', 'ஃபெலோ' என்பவற்றை ஒட்டி 'மிபெலா' என்று 'நாங்கள்' செய்துகொண்டனர். எசமானின் மொழியில் இல்லாத வேறுபாட்டை அவன் சொற்களைக் கொண்டே கட்டிவிட்டார்கள்! இறைவனை விளித்து மன்றாடுகையில் நாம் 'நமது தந்தை' என்று சொல்வதில்லை, 'எங்கள் தந்தை' என்கிறோம் அல்லவா? அவர்களும் அவ்விடத்தில் 'மிபெலா' என்றே செபிக்கிறார்கள். ஆங்கிலத்தில் செபிப்பவரால் இந்த நுட்பத்தைக் காட்ட இயலாது. இம்மொழிக்கு அகராதி தந்தவர் பிரான்சிஸ் மிகாலிக் என்ற இறைவார்த்தைச் சபைக் குரு. 1970-இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயர் 'வான்டோக்'. 'ஒரே பேச்சு' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்த அப்பெயருக்கு இன்று 'உறவினர்', 'நம்மவர்' என்று பொருள்.

உடைந்த பேச்சு எப்படி முழுமை பெறுகிறது என்பதில் அறிஞரிடையே பெரிய வழக்கு உண்டு. குழந்தைகளின் மூளையிலேயே மொழிக்கான ஓர் அடிப்படைத் திட்டம் இருக்கிறது; அரைகுறைப் பேச்சைக் கேட்டாலும் அவர்கள் அதை நிரப்பி முழுமையாக்குவர் என்று ஹவாய்த் தீவுச் சான்றுகளைக் கொண்டு டெரிக் பிக்கர்ட்டன் 1981-இல் எழுதினார். இல்லை, பெற்றோரின் பழைய மொழிகளே உள்ளிருந்து இலக்கணம் தருகின்றன என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரு கட்சியிலும் பாதி உடன்பாடு. ஆனால் டோக் பிசின் வரலாற்றில் மற்றொன்றும் தெரிகிறது. தாய்மொழியாகப் பேசும் குழந்தைகள் பெருகுவதற்கு முன்பே அது வளம்பெறத் தொடங்கிவிட்டது. வெவ்வேறு மொழிக்காரர் மணம் முடித்தனர். கோயிலில் மறையுரை ஆற்றினர். ஊர் மன்றத்தில் வழக்காடினர். தோட்டத்து மேற்பார்வையாளன் கேட்காத செய்திகளையெல்லாம் அதில் பேசவேண்டி வந்தது. பேச வேண்டியவை பெருகப் பெருகப் பேச்சும் பெருகியது.

இந்த வளர்ச்சியைப் பாராட்டும்போது அதன் விலையை மறந்துவிடக் கூடாது. மொரீஷியஸ் தீவின் கிரியோலைப் படைத்தவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிரெஞ்சுக்காரரால் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பக்கத்தில் நிற்பவனோடு பேச ஒரு மொழியில்லாமல், ஊருக்குத் திரும்பும் நம்பிக்கையும் இல்லாமல் நின்ற மக்கள், தம்மை வாங்கியவனின் சொற்களைப் பொறுக்கி ஒரு மொழி செய்தார்கள். 1835-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபோது, அந்த இடத்தை நிரப்ப இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்துகொண்டிருந்தனர். சென்னை மாகாணத் தமிழரும் அவர்களுள் அடங்குவர். அவர்களின் பேரப்பிள்ளைகள் கிரியோல் பேசுபவர்களாயினர். இன்றும் அம்மொழியில் கறிவேப்பிலை 'கரிப்பிலே', முருங்கைக்கீரை 'ப்ரெட் முரும்', பீர்க்கங்காய் 'பிபெங்காய்'. வீட்டுக் கொல்லையில் வளர்ந்தவை மட்டும் பெயரோடு தங்கிவிட்டன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கதை வேறு. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் உறவும் ஊருமாக ஆள் சேர்த்துக் கொண்டுபோயினர். ஊரும் அருகில் இருந்தது. வறுமையும் ஒடுக்குமுறையும் குறைவில்லை; ஆயினும் அவர்கள் தமிழிலேயே அழுதார்கள், தமிழிலேயே தாலாட்டினார்கள். அங்கே கிரியோல் தேவைப்படவில்லை.

அதே இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், போர்த்துக்கீசியப் பறங்கியர் என்ற சிறிய சமூகம் வாழ்கிறது. பெரும்பாலோர் கத்தோலிக்கர், தச்சும் கொல்லும் தையலும் அவர்கள் பரம்பரைத் தொழில்கள். போர்த்துக்கீசியர் 1658-இல் இலங்கையிலிருந்து அகற்றப்பட்ட பின்னும் அவர்கள் மொழி இம்மக்களிடம் கிரியோலாக நிலைத்தது. சொற்கள் போர்த்துக்கீசியம், எலும்பு தமிழ். போர்த்துக்கீசியத்தில் 'பாரா' என்ற சொல் பெயருக்கு முன்னால் வந்து 'கு' என்னும் பொருள் தரும். இவர்கள் வாயில் அது 'பா' என்று குறுகிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, நம் நான்காம் வேற்றுமை உருபைப் போலவே நடக்கிறது. வினையும் தமிழில்போல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. முந்நூறு ஆண்டுகள் தமிழரோடு அண்டை வீட்டாராக வாழ்ந்ததன் விளைவு இது. 2004 ஆழிப்பேரலையில் மட்டக்களப்பின் கடலோரத்தில் அச்சமூகத்தினர் பலர் மாண்டனர். இளையோர் வீட்டிலும் தமிழே பேசத் தலைப்பட்டுவிட்டனர். கொச்சிக் கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010-இல் இறந்தார்.

தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அமர்ந்து பேசும் மேசை, காற்றுக்குத் திறந்துவைக்கும் ஜன்னல், பூட்டைத் திறக்கும் சாவி, புத்தகம் அடுக்கும் அலமாரி, ஏன், என்னை அழைக்கும் 'பாதிரி' என்ற சொல்லும்கூடப் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. தமிழ் அதனால் இளைத்துவிடவில்லை. சேலம் அம்மாபேட்டையில் சௌராட்டிரமும் தெலுங்கும் கன்னடமும் நூற்றாண்டுகளாகத் தமிழோடு ஒரே தெருவில் நடக்கின்றன. என் கவலை தமிழைப் பற்றியது அன்று.

நம் மறைமாவட்டத்து வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. இராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெற வந்தவரிடம், 'பறங்கிக் குலத்தில் சேர உனக்கு விருப்பமா?' என்று கேட்கும் வழக்கம் இருந்ததைக் கண்டு திடுக்கிட்டார். துபாசி வழியாகக் கடன் வாங்கிய சிறு பேச்சில் அதற்குமேல் சொல்ல இடமில்லை. கிறித்துவனாவது என்பது வெள்ளைக்காரனின் குலத்தில் புகுவது என்று சுருங்கிவிட்டது. நோபிலி தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் ஆழக் கற்றார். 1623-இல் அவர் நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தபோது துபாசி இல்லாமலே பேசினார். அவருடைய முறைகளில் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுத்தவை குறித்து எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒருவனிடம் முழு வாக்கியத்தில் பேசுவது அவனுக்குச் செலுத்தும் மரியாதையின் தொடக்கம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்போது பண்ணைக்குத் திரும்புவோம். 'இவ்வளவு நாள் இருந்தும் இவர்களுக்குத் தமிழ் வரவில்லையே' என்று முதலாளிகள் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். மேற்பார்வையாளர் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று சற்று நின்று கேட்டுப் பாருங்கள். 'நீ அங்க போவுது. மூட்டை எடுக்குது. ஜல்தி.' தமிழை நன்றாகவே அறிந்த ஒருவர், கேட்பவருக்காகத் தம் தமிழைத் தாமே உடைத்துக் கொடுக்கிறார். இரக்கத்தால் செய்வாரும் உண்டு, அலட்சியத்தால் செய்வாரும் உண்டு. எதனால் செய்தாலும், அந்தத் தொழிலாளியின் காதில் 'போகிறேன்' என்ற வினைமுற்று விழுவதே இல்லை. விழாத சொல்லை அவர் எங்கிருந்து கற்பார்? உடைந்த பேச்சை நாமே ஊட்டிவிட்டு, உடைந்து பேசுகிறான் என்று சிரிக்கிறோம். ஏவலும் விலக்கும் தவிர வேறொன்றும் இல்லாத மொழியில் ஒரு மனிதரைப் பல ஆண்டுகள் வைத்திருப்பது அறமா என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதில்லை.

கூலிக்கு வந்தவனுக்குக் கூலி கொடுத்தால் போதாதா, பேச்சும் கொடுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நீதியை மட்டும் கணக்கிட்டால் அவர் கேட்பதில் பொருளுண்டு. ஆனால் கூலியில்கூட நீதி கிடைக்க மொழி வேண்டும். பிடித்தம் ஏன் என்று கேட்கவும், நெஞ்சு வலிக்கிறதா வயிறு வலிக்கிறதா என்று சொல்லவும் வேலைப் பேச்சில் இடமில்லை.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பண்ணையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஜார்க்கண்டின் ஓராவன் இனத்தவர், கத்தோலிக்கர். வாசலில் நின்றபடி, 'ஃபாதர், அம்மா காலி' என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. 'பூசை வேணும்' என்று சேர்த்தபோதுதான் விளங்கியது. முட்டை எடுத்த அட்டை காலி, தீவன மூட்டை காலி, தண்ணீர்த் தொட்டி காலி. பண்ணை அவருக்குக் கொடுத்திருந்த சொற்களில், இல்லாமற் போனதற்கு அந்த ஒன்றுதான் இருந்தது. அவருக்கோ வீட்டில் குடுக் மொழி உண்டு. அவர் ஊர்ச் சந்தையிலும் கோயிலிலும் பல குலத்தாரும் பொதுவாகப் பேசும் சாத்ரி உண்டு. பள்ளியில் படித்த இந்தி உண்டு. மூன்று மொழிகளில் தாயின் சாவைச் சொல்லத் தெரிந்தவர் நான்காவதில் முட்டை அட்டையின் சொல்லைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

நம் சமவெளியில் புதிய கிரியோல் எதுவும் பிறக்கப் போவதில்லை. குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து விரைவிலேயே 'வருகிறேன்', 'வந்துவிட்டேன்' என்று கொங்குத் தமிழ் இழுவையோடு பேசிவிடுகிறார்கள். பின்பு அவர்களே தந்தைக்குத் துபாசி. மருத்துவமனையில் தந்தையின் மூலநோயை ஒன்பது வயது மகள் மருத்துவருக்கு எடுத்துச் சொல்கிறாள். திருச்சபைச் சட்டம் 990-ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது. அவ்விரகசியம் மொழிபெயர்ப்பாளரையும் கட்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எந்தத் தந்தை மகளைத் துபாசியாக வைத்துக்கொண்டு தன் பாவங்களைச் சொல்வார்?

ஆகவே ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் அந்த இளைஞரும் அவர் நண்பர் இருவரும் என்னோடு அமர்கிறார்கள். எனக்கு இந்தி வினைகளின் ஆண்பால் பெண்பால். அவர்களுக்குத் தமிழ் வினைமுற்று. இந்த வயதில் எனக்கு வேகம் குறைவு. 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டை விளக்குவது பெரும்பாடாக இருந்தது, இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். கையைச் சுற்றிக் காட்டியும், அவரை விலக்கிக் காட்டியும் பார்த்தேன். சற்று நேரம் பார்த்திருந்த அவர் சிரித்துவிட்டுத் தம் வீட்டு மொழியில் சொன்னார்: 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்', கேட்பவரை விலக்கினால் 'ஏம்', சேர்த்துக்கொண்டால் 'நாம்'.

குடுக் திராவிட மொழி என்பதைக் கால்டுவெல் வழியாகக் குருமடத்திலேயே படித்திருந்தேன். பழந்தமிழின் யானும் யாமும் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் வாயிலிருந்து வரக் கேட்டது அன்றுதான். நான் தாளில் எழுதியிருந்த 'நாம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் தேவநாகரியில் அதையே எழுதி, மற்ற இருவருக்கும் காட்டினார்.